ஃபாட்டா மோர்கானா: கடல்மேல் எழும் மதில்களும் அவற்றை எழுப்பும் காற்றும்

1822 கோடையில் கிரீன்லாந்துக் கரையோரம் திமிங்கில வேட்டைக்குப் போயிருந்த வில்லியம் ஸ்கோர்ஸ்பி, தொலைநோக்கியில் ஒரு கப்பலைக் கண்டார். அது கடலுக்கு மேலே வானில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உருவம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததால், அது தன் தந்தையின் ‘ஃபேம்’ கப்பல்தான் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். பின்னர் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்ததில், அந்த நேரத்தில் இரு கப்பல்களுக்கும் இடையே சுமார் 30 மைல் இருந்தது தெரிந்தது. அதாவது ‘ஃபேம்’ நின்ற இடம் தொடுவானத்தையும் தாண்டி 17 மைல் அப்பால்.

தார்ச் சாலையில் தண்ணீர் தேங்கியதுபோல் தெரியும் கானல் நீரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்கோர்ஸ்பி கண்டது அதன் மறுபக்கம். இன்னும் ஒரு படி மேலே போனால், ஒரே பொருள் மூன்று, நான்கு பிம்பங்களாகப் பிரிந்து, ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் அடுக்கடுக்காக நின்று, ஓர் இடத்தில் நீண்டும் இன்னோர் இடத்தில் நசுங்கியும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருமாறும். ஃபாட்டா மோர்கானா என்று பெயர் பெற்ற சிக்கலான கானல் இதுதான். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. கேமராவிலும் அப்படியே பதிகிறது.

இதைப் பற்றிப் பேசும்போது ‘காற்று எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், கடல் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும்’ என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மேலே போகப்போக வெப்பநிலை மீட்டருக்கு எவ்வளவு மாறுகிறது? அந்த மாற்றம் எந்த உயரத்தில் திடீரென்று கூடுகிறது, எங்கே குறைகிறது? எளிய கானலையும் சிக்கலான கானலையும் பிரிப்பது இந்த இரண்டாவது கேள்வியின் விடைதான்.

ஒளி ஏன் வளைகிறது

குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. அதில் ஒளி இம்மியளவு மெதுவாகச் செல்லும். சூடான காற்றில் இம்மியளவு வேகமாகச் செல்லும். தேரோட்டத்தில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தேர் அந்தப் பக்கமாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளியும் அப்படித்தான். கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் இருந்தால் ஒளியலையின் கீழ்ப்பகுதி பின்தங்கும். கதிர் கீழ்நோக்கி வளையும். சூடான சாலையில் நிலைமை நேர்மாறு. அங்கே கதிர் மேல்நோக்கி வளைவதால்தான் வானத்தின் ஒளி சாலையிலிருந்து வருவதுபோல் தெரிகிறது.

பள்ளிப் பாடத்தில் கானல் நீருக்கு ‘முழு அக எதிரொளிப்பு’ என்று காரணம் சொல்லி, ஒரு காற்றடுக்கில் கதிர் கண்ணாடியில் பட்டதுபோல் மடங்கும் படத்தைப் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தை மறந்துவிடுவது நல்லது. காற்றில் அப்படிப்பட்ட கண்ணாடிப் பரப்பு எதுவும் கிடையாது. கதிர் கொஞ்சம் கொஞ்சமாக, தொடர்ச்சியாக வளைகிறது. கண்ணாடிப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் தலைகீழ்ப் பிம்பம் ஒன்றை மட்டும் ஒருவாறு விளக்கிவிடலாம். நீட்சியையும் நசுங்கலையும் மூன்றாம் பிம்பத்தையும் விளக்கவே முடியாது.

இனி அளவுகள். காற்று ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் சுமார் 1.0003. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் மாறினால் இது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒளி பத்து, இருபது, ஐம்பது கிலோமீட்டர் தூரம் அந்தக் காற்றிலேயே கிடைமட்டமாக ஓடி வருகிறது. அந்தத் தூரம்தான் அற்ப மாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்குகிறது.

சாதாரண நாளில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை 6.5 டிகிரி அளவுக்குக் குறையும். அப்போதும் ஒளி சற்றுக் கீழ்நோக்கியே வளைகிறது, ஏனென்றால் உயரத்தோடு காற்றின் அழுத்தமும் குறைகிறது. அந்த வளைவு பூமியின் வளைவில் சுமார் ஆறில் ஒரு பங்கு. கடற்கரையில் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், கணக்குப்படி 5 கிலோமீட்டரில் இருக்க வேண்டிய தொடுவானம் இதனால் ஏறத்தாழ 5.5 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகிறது.

வெப்பநிலை குறைவதற்குப் பதிலாக, உயரத்தோடு கூடினால்? இதை வெப்பநிலைத் தலைகீழ் என்கிறோம். 100 மீட்டருக்கு 11 முதல் 13 டிகிரி வரை கூடினால், ஒளியின் வளைவும் பூமியின் வளைவும் சமமாகிவிடும். கடல் தட்டையாகத் தெரியும். தொடுவானத்துக்கு அப்பால் மறைந்திருந்த கரையும் மேலெழுந்து தெரியும். அதற்கும் மேல் கூடினால் கடற்பரப்பு ஒரு கிண்ணம்போல விளிம்புகள் உயர்ந்து தோன்றும். எதிர்த்திசையிலும் ஓர் எல்லை உண்டு. 100 மீட்டருக்கு 3.4 டிகிரிக்கு மேல் வெப்பநிலை குறைந்தால் கதிர் மேல்நோக்கி வளையத் தொடங்கும். வெயிலில் காய்ந்த சாலையில் முதல் சில சென்டிமீட்டருக்குள்ளேயே பல டிகிரி குறைந்துவிடுவதால், அந்த எல்லை அங்கே வெகு எளிதாகக் கடக்கப்படுகிறது.

தூக்குவது வேறு, உருக்குலைப்பது வேறு

மேலே சொன்ன வெப்பநிலைத் தலைகீழ் எல்லா உயரத்திலும் ஒரே சீராக இருந்தால், தொலைவில் உள்ள பொருள் அப்படியே தூக்கப்பட்டுத் தெரியும். அதன் உருவம் கெடாது. 1797 ஜூலை 26 அன்று இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் நின்றவர்களுக்கு, வழக்கமாகத் தெரியாத பிரெஞ்சுக் கரை மணிக்கணக்கில் தெரிந்தது. அது இந்த வகை.

உருக்குலைவு வர வேண்டுமானால் அந்தச் சீர் கெட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது; பொறுமையாகப் பார்த்தால் மொத்த விஷயமும் பிடிபட்டுவிடும். உங்கள் கண்ணிலிருந்து கதிர்களைப் பின்னோக்கி அனுப்புவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோணத்திலும் போகும் கதிர், 20 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் பொருளை எந்த உயரத்தில் தொடுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

ஒரு டிகிரியை 60 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. கதிர்கள் இயல்பாகச் செல்லும்போது, 20 கிலோமீட்டரில் ஒரு கலைக்குள் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம் அடங்கும். கோணம் ஒரு கலை கூடினால் கதிர் தொடும் இடமும் 6 மீட்டர் மேலே போகும். பிம்பம் நேராக, இயல்பான அளவில் தெரியும்.

இப்போது காற்றில் ஓர் உயரத்தில் வெப்பநிலை சட்டென்று கூடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கை எட்டிப்பிடிக்கும் கதிர்கள் கூடுதலாகக் கீழ்நோக்கி வளையும். கோணம் 2 கலையிலிருந்து 6 கலை வரை கூடியும், கதிர்கள் தொடும் இடம் 10 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று கொள்ளுங்கள். 2 மீட்டர் உயரமே உள்ள ஒரு துண்டு, வழக்கமாக 23 மீட்டர் பொருள் பிடிக்கும் இடத்தை நிரப்பிவிட்டது. ஆள் உயர பனிக்கட்டி மேடு ஏழு மாடிக் கட்டடம்போல் நிமிர்ந்து நிற்கும். கோணம் கூடியும் தொடும் உயரம் கொஞ்சமும் மாறாவிட்டால், ஒரே ஒரு புள்ளி செங்குத்துக் கோடாக இழுபடும். இப்படிப்பட்ட கோடுகள் பக்கத்துக்குப் பக்கம் சேரும்போது தூண்களும் மதில்களும் உருவாகின்றன.

கோணம் கூடக்கூடத் தொடும் உயரம் குறைந்தால், அந்தப் பகுதி தலைகீழாகத் தெரியும். ஸ்கோர்ஸ்பி கண்ட கப்பல் அந்த இடத்தில் விழுந்தது. அடுக்குக்கு மேலே போன கதிர்கள் மீண்டும் இயல்பாக ஏறத் தொடங்கினால் மூன்றாவதாக இன்னொரு நேர்ப்பிம்பம் கிடைக்கும். கீழே நேர், நடுவில் தலைகீழ், மேலே நேர் என்ற இந்த மூன்றுதான் அடிப்படை அமைப்பு. உயரம் சட்டென்று மிகுந்து போகும் இடத்தில் பொருள் நசுங்கி ஒரு மெல்லிய பட்டையாகிவிடும். ஃபாட்டா மோர்கானாவின் படத்தைக் கையில் எடுத்தால், இந்த நான்கில் எது எங்கே நடக்கிறது என்று கீழிருந்து மேலாக வாசித்துவிடலாம்.

காற்று எப்படி அமைய வேண்டும்

நல்ல ஃபாட்டா மோர்கானாவுக்கு, பார்ப்பவரின் கண்ணுக்கு மேலே சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டருக்குள் ஒரு கூர்மையான தலைகீழ் அடுக்கு இருக்க வேண்டும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று, நடுவில் மெல்லிய இடைமாற்றம். 10 மீட்டருக்குள் 10 டிகிரி கூடுகிறது என்று வைத்தால், அங்கே கதிரின் வளைவு ஆரம் சுமார் 1,000 கிலோமீட்டர்; பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். பூமியைவிட ஒளி கூர்மையாக வளைவதால், கதிர்கள் அந்த அடுக்கை விட்டு வெளியேற முடியாமல் ஒரு குழாய்க்குள் ஓடுவதுபோல ஓடும்.

இங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, பலர் கவனிக்காதது. 10 டிகிரி வேறுபாடு, கிடைமட்டத்திலிருந்து கால் டிகிரிக்குள் சாய்ந்த கதிரை மட்டுமே திருப்ப முடியும். கால் டிகிரி என்பது முழுநிலவின் அகலத்தில் பாதி. அந்தக் கதிர் முழுதாகத் திரும்பிக் கீழே வருவதற்கும் சுமார் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆகவே சிக்கலான கானல் எப்போதும் தொடுவானத்தை ஒட்டிய ஒரு ஒல்லியான பட்டைக்குள்தான் நடக்கும். பொருளும் பத்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

குளிர்ந்த நீர்மேல் சூடான காற்று மெல்லத் தவழ்ந்து வருவது இதற்கு ஏற்ற சூழல். வசந்தத்தில் ஏரிகளும் வடகடல்களும் இன்னும் குளிர்ந்திருக்க, நிலம் வெயிலில் சூடேறிவிடும். துருவப் பகுதிகளில் பனிப்பரப்பே கீழ்க்காற்றைக் குளிரவைத்துவிடுகிறது. உயர் அழுத்தம் நிலைகொண்ட தெளிவான நாட்களில் மேலிருந்து இறங்கும் காற்று அழுந்திச் சூடாவதும் துணை செய்யும். எல்லாவற்றையும் கெடுப்பது பலத்த காற்று. அடுக்குகளைக் கலக்கி, வெப்பநிலை வேறுபாட்டை அழித்துவிடும். அலைகளின் நுனி அங்கங்கே வெள்ளையாக நுரைக்கத் தொடங்கினால் (மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் காற்று) வாய்ப்பு வேகமாகச் சரிகிறது.

முற்றிலும் அசைவற்ற அடுக்கு இருந்தால் மூன்று பிம்பங்களோடு கதை முடிந்துவிடும். ஆனால் தலைகீழ் அடுக்கு ஒரு நீர்ப்பரப்பைப்போல ஏறியிறங்கும். எங்காவது தட்டிவிட்டால், கனமான குளிர்காற்று மேலே எழும்பி, ஈர்ப்பினால் கீழே விழுந்து, மீண்டும் எழும்பும். மீட்டருக்கு 1 டிகிரி என்ற கடுமையான தலைகீழில் இந்த அசைவு சுமார் அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிகழும். அதில் பத்தில் ஒரு பங்கு வலுவுள்ள தலைகீழில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஃபாட்டா மோர்கானாவில் கோட்டைகள் எழுந்து, கோபுரம் முளைத்து, சில நிமிடத்தில் தட்டையாகிப் போவது இந்த அலைகளால்தான்.

பார்க்கக் கிடைத்த இடங்கள்

பெயர் வந்தது இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவே உள்ள மெசினா நீரிணையிலிருந்து. ஆர்தர் மன்னர் கதைகளில் வரும் மாயக்காரி மோர்கன் அங்கே காற்றில் மாளிகை கட்டுவதாக நம்பினார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் எஃப். ஏ. ஃபொரெல் பல ஆண்டுகள் இதைக் கவனித்து, எதிர்க்கரை செங்குத்துக் கட்டங்களாகப் பிளந்து தெரியும் ‘கோடிட்ட பகுதி’யை விவரித்தார். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு எல்லாவற்றிலும் சிறந்த இடம் ஜப்பானின் தோயாமா விரிகுடா என்பேன். அங்கே உவோசு நகரக் கரையிலிருந்து வசந்தத்தில் குளிர்கடல்மேல் சூடான காற்று படரும்போது எதிர்க்கரைக் கட்டடங்கள் கம்பிகளைப்போல நீண்டு நிற்கும். குளிர்காலத்தில் கடல் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், அதே கரை அடியில் தலைகீழ் நிழலோடு மிதப்பதுபோல் தெரியும். ஒரே விரிகுடா இரண்டு வகையையும் காட்டுவதால், ஊர்க்காரர்கள் ‘வசந்த வகை’, ‘குளிர்கால வகை’ என்றே பிரித்துச் சொல்கிறார்கள்.

ஆர்க்டிக்கில் இது வரைபடத்தையே கெடுத்திருக்கிறது. 1818-ல் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப்போன ஜான் ராஸ், லங்காஸ்டர் சவுண்ட் என்ற நீர்வழியின் உள்ளே மலைத்தொடர் வழியை அடைத்திருப்பதாகக் கண்டு கப்பல்களைத் திருப்பினார். அந்த மலைகளுக்கு கடற்படைத் துறைச் செயலர் குரோக்கரின் பெயரையும் வைத்தார். கானலே அவரை ஏமாற்றியது என்பது பரவலான விளக்கம். அடுத்த ஆண்டே எட்வர்ட் பாரி அதே நீர்வழியில் ‘மலைகள்’ நின்ற இடத்தைத் தாண்டிப் போனார்.

துருவப் பயணி ராபர்ட் பியரி 1906-ல் கண்டதாகச் சொன்ன ‘குரோக்கர் லேண்ட்’ என்ற நிலப்பரப்பின் கதை (இந்தக் குரோக்கர் வேறொருவர்) இன்னும் சிக்கலானது. பியரி அன்றைய குறிப்பேட்டில் நிலம் எதையும் பதியவில்லை. ஆகவே அவர் எதையாவது பார்த்தாரா என்பதே சந்தேகம். ஆனால் 1914-ல் அதைத் தேடிப்போன டொனால்ட் மெக்மில்லன் குழுவின் கண்முன் மலைகளும் பள்ளத்தாக்குகளும் உண்மையாகவே விரிந்தன. அது மூடுபனி, நிலமல்ல என்று அப்போதே சொன்னவர் வழிகாட்டியாக வந்த இனுயிட் வேட்டைக்காரர் பியுகாட்டோக். கடல்பனிமேல் மேலும் பல நாட்கள் பயணம் செய்த பிறகே மெக்மில்லன் அவர் சொன்னதை ஏற்றார். சூரியன் நகர நகர அந்த ‘நிலம்’ உருவம் மாறிக்கொண்டே இருந்து கடைசியில் காணாமல் போயிருந்தது.

ஐந்து டிகிரி கீழே இருந்த சூரியன்

1597 ஜனவரி 24. ஆர்க்டிக் தீவான நோவாயா ஸெம்லியாவில், 76 டிகிரி வடக்கில், கடலோடி வில்லெம் பாரென்ட்ஸின் குழு பனியில் சிக்கிக் குடிசையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. குழுவைச் சேர்ந்த கெரிட் டெ வீரும் உடனிருந்தவர்களும் தொடுவானத்தில் சூரியனின் விளிம்பைப் பார்த்தார்கள். கணக்குப்படி அது எழ இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பாரென்ட்ஸே நம்ப மறுத்தார். அந்த நேரத்தில் சூரியன் தொடுவானத்துக்கு ஏறத்தாழ 5 டிகிரி கீழே இருந்தது. வழக்கமான ஒளிவிலகல் தூக்குவதோ அரை டிகிரிக்குச் சற்று மேல்தான்.

5 டிகிரி வளைய வேண்டுமானால், ஒளி தலைகீழ் அடுக்குக்குள் சிக்கி, பூமியின் வளைவைப் பின்பற்றியே குறைந்தது 400 கிலோமீட்டர் ஓட வேண்டும். அவ்வளவு தூரமும் அடுக்கு அறுபடாமல் இருக்க வேண்டும். பரந்த பனிப்பரப்பின்மேல், வெயிலே படாத துருவக் குளிரில்தான் இது கூடிவருகிறது. அப்போது தெரியும் சூரியன் வட்டமாக இருக்காது; அடுக்கின் கனத்துக்குள் பிழியப்பட்டு, பட்டைகளாகவோ சதுரமாகவோ தெரியும். 1915 மே 8 அன்று அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் ஷாக்கில்டன் குழுவினருக்கும் இது நேர்ந்தது. ஏழு நாள் முன்பு கடைசியாக மறைந்துவிட்டது என்று விடைகொடுத்த சூரியன், பாதிக்கு மேல் எழுந்து காட்டியது.

எதை இதனோடு குழப்பிக்கொள்கிறோம்

இணையத்தில் ‘ஃபாட்டா மோர்கானா’ என்று சுற்றும் படங்களில் பல அது இல்லை. 2015-ல் சீனாவின் ஃபோஷான் நகருக்கு மேல் மேகங்களுக்கிடையே வானளாவிய கட்டடங்கள் மிதப்பதாக ஒரு வீடியோ பரவியது. செய்தித்தளங்கள் பலவும் இந்தப் பெயரையே ஒட்டின. கால் டிகிரிக் கணக்கை நினைவில் வைத்திருப்பவர் இதை உடனே தள்ளிவிடலாம். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலைப் படுக்கவைத்தால் அதன் அகலம் சுமார் 1 டிகிரி. தொடுவானத்திலிருந்து அந்த விரலைத் தாண்டி மேலே தெரியும் எதுவும் கானல் அல்ல.

மிதக்கும் கப்பல் படங்களிலும் கவனம் வேண்டும். கப்பலுக்கு அடியில் அதன் தலைகீழ்ப் பிம்பமும், அதற்கடியில் வானத்தின் நிறமும் இருந்தால், அது வெதுவெதுப்பான கடல்மேல் குளிர்காற்று உண்டாக்கிய கீழ்க் கானல். பிம்பமே இல்லாமல் முழுக் கப்பலும் நேராக, சற்றும் நீளாமல், நசுங்காமல் மிதந்தால், பெரும்பாலும் அங்கே கானலே இல்லை. தூரத்துக் கடற்பரப்பு மங்கி வானத்தின் நிறத்தோடு கலந்துவிட, அதற்கு முன்னால் நிறம் மாறும் இடத்தை நாம் தொடுவானம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பார்க்கப் போவதானால்

குளிர்ந்த நீர்ப்பரப்பு, எதிரே 15 முதல் 50 கிலோமீட்டரில் ஒரு கரையோ தீவோ, தெளிவான, காற்று அடங்கிய பகல். இவை மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். வெறும் கண்ணில் ‘அங்கே ஏதோ கோடுபோல இருக்கிறது’ என்பதற்கு மேல் தெரியாது. 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் குறைந்தபட்சத் தேவை. கேமரா என்றால் 400 மி.மீ. லென்ஸ், அதில்கூட கால் டிகிரி என்பது 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் 1.7 மி.மீ. மட்டுமே. போனின் சாதாரண லென்ஸில் முயல்வது வீண். ட்ரைபாட் வைத்து 10 விநாடிக்கு ஒரு படம் வீதம் அரை மணி நேரம் எடுத்தால் அடுக்கின் அலைகள் நகர்வது தெளிவாகக் கிடைக்கும்.

கண்ணின் உயரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கரையோரம் தெரிந்த கோட்டைகள், பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினால் மறைந்துபோகும். ஏனென்றால் நீங்கள் தலைகீழ் அடுக்கைத் தாண்டி மேலே வந்துவிட்டீர்கள். ஆகவே ஒன்றும் தெரியவில்லை என்று கிளம்புவதற்கு முன், நீர்விளிம்பில் குனிந்து, நின்று, இரண்டு மூன்று படி ஏறிப் பார்க்க வேண்டும். படத்தோடு நேரம், நீர்மட்டத்திலிருந்து கண்ணின் உயரம், காற்றின் வெப்பநிலை, நீரின் வெப்பநிலை, பொருளின் தூரம் ஆகியவற்றையும் எழுதிவைத்தால்தான் அந்தப் படத்தை வைத்துக் காற்றின் அடுக்கைக் கணக்கிட முடியும்.

தமிழகக் கரையில் கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், மார்கழி, தை மாத விடியலில் நிலத்திலிருந்து குளிர்காற்று கடலுக்கு இறங்கும்போது கீழ்க் கானலே எளிதில் அமையும். தலைகீழ் அடுக்கை எதிர்பார்ப்பதானால், மே, ஜூன் மாதங்களில் சூடான மேலைக்காற்று கடலுக்குள் போகும் நாட்களைப் பார்க்க வேண்டும். அப்போது காற்றுக்கும் நீருக்கும் நடுவே 8, 10 டிகிரி வேறுபாடு வரக்கூடும். ஆனால் அந்தக் காற்று பெரும்பாலும் வேகமாகவே வீசும். அது ஓயும் சிறிது நேரத்தில், நங்கூரமிட்டுத் தொலைவில் நிற்கும் கப்பல்களின் அடிப்பகுதியில் பைனாகுலரை நிறுத்திப் பாருங்கள். நீட்சியும் நசுங்கலும் முதலில் தெரிவது அங்கேதான்.